கீறல் விழுந்தால் விழட்டும்: கடலூரில் ஒரு பழைய மாருதி 800 – நிகழ்வு ஆய்வு

கடலூரில் கார் பழுதுபார்க்கும் ஷெட் நடத்துகிறேன். எங்களிடம் வந்துபோகும் ஒரு வண்டியின் கதை இது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். பழைய கார் வாங்கலாமா என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். வாங்குங்கள், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்வதைவிட, இந்த வண்டிக்கு என்ன நடந்தது என்று சொன்னால் அவர்களே முடிவெடுத்துக்கொள்கிறார்கள்.

பின்னணி

கணவருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். வீடு மஞ்சக்குப்பம் பக்கம். வேலை புதுச்சேரியில், ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, பள்ளி நெல்லிக்குப்பம் அருகே. ஒரே மகள். கணவரின் அம்மா கூடவே இருக்கிறார்; சர்க்கரை, முழங்கால் வலி, அதனால் கோரிமேடு ஜிப்மருக்கு அடிக்கடி போய்வர வேண்டும்.

2019-ல் ஏழு வருடத் தவணையில் புதுக் கார் ஒன்று எடுத்தார்கள். உயரமான வகை, அம்மா ஏறி இறங்கச் சுலபம். மாதத் தவணை 14 ஆயிரத்துக்கு மேல். வாங்கிய இரண்டாவது மாதமே, சண்டே மார்க்கெட் நாளில் புதுச்சேரி காந்தி வீதி ஓரம் நிறுத்திவிட்டுத் திரும்பிவந்தால் பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடு. சைக்கிள் ஹேண்டில்பாரோ, தள்ளுவண்டி முனையோ. இன்சூரன்ஸ் கேட்டால், கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடும் என்று கைக்காசு போட்டுச் சரி செய்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் பெரும்பாலும் கவருக்கு உள்ளேதான் இருந்தது. ஆபீசுக்கு பைக். கல்யாணத்துக்குப் போனால் மண்டப வாசலில் நிறுத்த மனம் வராது. எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார், சாப்பிடும்போதும் நினைப்பு வண்டி மேல். மனைவியிடம் பல வருடமாக லைசென்ஸ் உண்டு. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, தொட விட்டதுமில்லை. மூன்று வருடம் முடிந்தபோது மீட்டர் 15 ஆயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. தவணையோடு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஜிப்மருக்கு டாக்சியில் போயிருந்தாலே மிச்சம் பிடித்திருக்கலாம்.

2022-ல் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் தேவைப்பட்டது. காரை விற்றுக் கடனை முடித்தார்கள். கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதே நேரத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த பெரியப்பா முறை உறவினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இனி கார் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். அவருடைய மாருதி 800, 2008 தொடக்கத்தில் டிஎன் 31 எண்ணில் பதிவானது. 55 ஆயிரம் ரூபாய்க்குக் கைமாறியது.

வண்டி ஷெட்டுக்கு வந்தபோது

மாருதி 800 முதலில் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம், எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. இந்த வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வகை, அதனால் கார்புரேட்டர் தொல்லை கிடையாது. கடலூரிலோ பண்ருட்டியிலோ புதுச்சேரியிலோ எந்த மூலையில் நின்றாலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பார். இந்த மாடலில் நிம்மதி பாதி அங்கிருந்துதான் வருகிறது.

என்ஜின் நன்றாக இருந்தது. புகை இல்லை, கம்ப்ரஷன் மூன்றிலும் ஒரே அளவு. வாத்தியார் கை வண்டி, அடித்து ஓட்டியதில்லை. பிரச்சினை கீழே. தேவனாம்பட்டினத்தில் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்; பதினாலு வருடம் உப்புக்காற்றில் நின்ற வண்டி. டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கினேன், அடியில் ஈரம். சிறிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரை இறங்கியது. இழுத்துவிட்டுப் பார்த்தால் ஓட்டை வழியாக ஷெட்டின் சிமெண்ட் தரை தெரிந்தது. கணவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) முக்கால்வாசி இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் அச்சடித்த நான்கு இலக்கம் 2113. அதாவது 2013-ஆம் வருடம் 21-ஆவது வாரம் தயாரானது. ஒன்பது வயது ரப்பர். விரலால் வளைத்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஓடாமல் நின்ற வண்டிகளில் இதுதான் ஏமாற்றும், பார்வைக்குப் புது டயர்போல இருக்கும். பிரேக் ஆயில் கறுத்திருந்தது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். இதில் மாற்றியே பல வருடம் ஆகியிருக்க வேண்டும், பின் சக்கரத்து வீல் சிலிண்டர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று வாத்தியாருக்கே நினைவில்லை. ஏசி வேலை செய்யவில்லை.

எதைச் செய்வது, எதை விடுவது

அங்கேதான் முதல் வாக்குவாதம்.

“அண்ணே, அம்பத்தஞ்சாயிரம் வண்டிக்குப் பன்னண்டாயிரத்துக்கு டயரா? பட்டன்தான் இருக்கே.”

“டயர் வண்டி விலைக்கு இல்ல சார், நீங்க போற வேகத்துக்கு.”

பழைய வண்டிக்காரர்கள் எல்லோரிடமும் இந்தக் கேள்வி வரும். செலவை வண்டி விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் எந்த வேலையும் அதிகச் செலவாகத்தான் தெரியும். பிரேக் நான்காயிரமா, அதில் வண்டி விலையில் இத்தனை பங்கு போய்விடுமே என்று மனம் கணக்குப் போடும். ஆனால் பத்து லட்ச ரூபாய் காரானாலும் ஐம்பதாயிரம் ரூபாய் காரானாலும் லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டிய தூரம் ஒன்றுதான்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். நான்கு டயர், பிரேக் முழுதும், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், வைப்பர், ஹெட்லைட், காலடித் தகடு வெட்டிப் புதுத் தகடு வெல்டிங். மொத்தம் 35 ஆயிரத்தை ஒட்டி வந்தது. கூரையில் வெளுத்த பெயின்ட், முன் பம்பர் விரிசல், பின்பக்க நசுங்கல், ஏசி எல்லாவற்றையும் அப்படியே விட்டோம். ஏசியை விட்டதற்கு அவர் சொன்ன காரணம் சரியாகவே பட்டது: வெயில் தாங்காத நாட்கள் வருடத்துக்குக் கொஞ்சம்தான், அக்னி நட்சத்திரத்தில் அம்மாவை வாடகைக் காரில் கூட்டிப்போவது ஏசி வேலையைவிட மலிவு.

இன்னொரு விஷயத்தையும் அன்றே பேசிவிட்டோம். இதில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. 2019-க்குப் பிறகு புதுக் கார்களில் கட்டாயமான பாதுகாப்புச் சாதனங்கள் எதுவும் இதில் கிடையாது, ஏர்பேக்கையும் ஏபிஎஸ்ஸையும் பிறகு பொருத்தவும் வழியில்லை. அதனால் கடலூர்–புதுச்சேரி சாலையில் 60-க்கு மேல் போவதில்லை, சென்னைக்கு இதில் போவதே இல்லை என்று அவராகவே ஒரு வரம்பு வைத்துக்கொண்டார். ஆர்சியை (பதிவுச் சான்றை) தன் பெயருக்கு மாற்றச் சொன்னேன். “நம்ம பெரியப்பாதானே, பாத்துக்கலாம்” என்றார்.

முதல் ஒன்றரை வருடம்

புதுக் கார் மூன்று வருடத்தில் ஓடியதை இது ஒரே வருடத்தில் ஓடிவிட்டது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் பின்சீட்டில் பால் வடிய வந்தது. முதுநகர் துறைமுகத்தில் வாங்கிய மீன், ஐஸ் உருகி டிக்கியில் ஒழுகியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களே தவிர யாரும் சண்டை போடவில்லை. (டிக்கியில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறார். அது மட்டும் வேண்டாம் என்றேன், துரு மறுபடி பிடிப்பது அங்கேதான்.) நேரு வீதிப் பக்கம் இடுக்கு கிடைத்தால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கவர் எங்கே போனது என்று தெரியவில்லை; நெல் காயவைக்க யாரோ வாங்கிப் போனார்களாம். தவணை இல்லை. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்) 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு அப்போது 2,094 ரூபாயும் வரியும்தான். பெட்ரோல் புதுச்சேரி எல்லைக்குள் முள்ளோடையில் போட்டுக்கொள்வார், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு.

ஆனால் என் கண்ணில் பெரிய மாற்றம் இவை எதுவும் இல்லை. மனைவி ஓட்ட ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை கணவருக்குக் காய்ச்சல். மாமியாருக்கு ஊசி போட்டாக வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போய்த் திரும்பும்போது வீட்டு கேட் தூணில் இடதுபக்கம் முழுக்க உரசல். காய்ச்சலோடு வெளியே வந்து பார்த்த கணவர், “சரி விடு, தூணுக்கு ஒண்ணும் ஆகலல்ல?” என்று கேட்டாராம். இதே மனிதர்தான் முன்பிருந்த புதுக் காரில் ஒரு கோட்டுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் இருந்தவர்.

அடுத்த சர்வீசுக்கு மனைவியே வண்டியைக் கொண்டுவந்தார். கதவைத் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாங்க. அந்தக் கோடு இருந்தாத்தான் அடுத்தது விழும்போது பயம் வராது.”

கொஞ்ச நாளில் நெல்லிக்குப்பம் பள்ளிக்கு அவரே தினமும் ஓட்டிப்போனார். கரும்பு சீசனில் அந்தச் சாலையில் டிராக்டர் டிப்பர்களுக்கு ஒதுங்கி, மண்ணில் இறக்கி ஏற்றி, ஆறே மாதத்தில் கணவரைவிட நிதானமான டிரைவராகிவிட்டார். புதுக் கார் வீட்டில் நின்றபோது இது நடந்திருக்காது. அந்தக் காரைத் தரக்கூடாது என்று கணவர் மனதாரச் சொன்னதில்லை. பயந்தார், அவ்வளவுதான், ஆனால் அந்தப் பயத்தின் பலன் தடையாகத்தான் விழுந்தது.

அம்மாவுக்கு மட்டும் இந்த வண்டி ஒத்துவரவில்லை. சீட் தாழ்வு. “ஏறிடறேன்டா, எறங்கறதுக்குள்ள முட்டி போயிடுது” என்பார். சீட்டில் தலையணை போட்டுப் பார்த்தார்கள், அப்புறம் கூரை தலையில் இடித்தது. விலை குறைந்த வண்டியின் அசௌகரியம் வீட்டில் எல்லோர் மேலும் சமமாக விழவில்லை, அம்மா முழங்காலில்தான் விழுந்தது. வெகுநாள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023 தொடக்கத்தில் 15 வருடம் முடிந்தது. தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். இதைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்புவதில்லை, 15 வருடம் ஆனால் உடைத்துவிட வேண்டும் என்கிறார்கள். அந்தப் பேச்சு தில்லி வட்டாரத்துக்கான தடையிலிருந்து வந்தது; கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அப்படி எதுவும் இல்லை. கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600-லிருந்து 5,000 ரூபாயாகியிருந்தது. வாத்தியாரைக் கூட்டிப்போய் அவர் பெயரிலேயே எஃப்சி (தகுதிச் சோதனை) முடித்தார்கள். பெயர் மாற்றம் மறுபடி தள்ளிப்போனது.

தளர்ச்சி

2023 கடைசியிலிருந்து வண்டி ஷெட்டுக்கு வருவது குறைந்தது. வழியில் பார்க்கும்போது சின்னச் சின்னதாகக் கண்ணில் பட்டது. பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து கழன்றிருந்தது. பிரேக் விளக்கு இரண்டும் எரியவில்லை. ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எப்போதோ தாண்டியிருந்தது. கூலன்ட் குறைந்தால் வீட்டுக் குழாய்த் தண்ணீர். கேட்டால், “ஓடுதுல்ல அண்ணே”. ஒருமுறை பெருமையாகவே சொன்னார்: “இந்த வண்டிக்கு நான் ஒண்ணுமே பண்றதில்ல, அது பாட்டுக்கு ஓடுது.”

இந்த ஆய்வில் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பெயின்டைப் பற்றிக் கவலைப்படாதது நல்ல முடிவு, தெரிந்தே எடுத்தது. பிரேக் விளக்கைக் கவனிக்காதது யாரும் எடுத்த முடிவே இல்லை. முதலாவது பழக்கமானதும் அதே மனநிலை மெதுவாகக் கீழே இறங்கிப் பானெட்டுக்குள் போய்விட்டது. நசுங்கிய கதவோடு தினமும் சந்தோஷமாகப் போய்வருகிறவருக்கு, கொஞ்சம் மேலே ஏறி நிற்கும் டெம்பரேச்சர் முள்ளும் அந்த நசுங்கலில் ஒன்றாகத்தான் தெரியும்.

மரப்பாலம், 2024 மே

அக்னி நட்சத்திரம். அம்மாவுக்கு ஜிப்மரில் முறை. வாடகைக் கார் என்று முன்பு பேசிவைத்தது அன்று மறந்துபோனது. “நம்ம வண்டியே இருக்கு, காலைலயே போயிட்டா வெயில் தெரியாது” என்று கிளம்பிவிட்டார்கள். தென்பெண்ணைப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை முள் நடுவிலேயே நின்றது. அரியாங்குப்பத்தில் நெரிசல். அங்கிருந்து மரப்பாலம் சிக்னல் வரை ஊர்ந்தார்கள். முள் சிவப்பில் போய் நின்றதை யாரும் பார்க்கவில்லை, பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பிய பிறகுதான் பார்த்தார்கள்.

காரணம் சின்னது. ரேடியேட்டர் விசிறியைப் போட்டுவிடும் சுவிட்ச் செத்திருந்தது. குழாய்த் தண்ணீரில் படிந்த உப்பும் துருவும் ரேடியேட்டரில் பாதி வழியை அடைத்திருந்தன. ஓடும்போது எதிர்க்காற்று என்ஜினைக் குளிர்வித்துவிடும், அதனால் பழுது வெளியே தெரியாது. நின்றால்தான் விசிறி வேண்டும்.

அதற்குப் பிறகு செய்தது பழுதை இன்னும் பெரிதாக்கியது. சூடு ஆறும் முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், மணிக்கட்டில் கொப்புளம். பக்கத்துக் கடைக்காரர் அம்மாவுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். மனைவி ஆட்டோ பிடித்து அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போனார். கணவர் சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியம். திடீர்ச் சூடும் திடீர்க் குளிர்ச்சியும் பட்டால் வளைந்துவிடும். வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தபோது ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய் தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தது.

ஹெட் கழற்றிச் சமமாகச் சீவுவது (ஃபேசிங்), புது கேஸ்கெட், ரேடியேட்டர் சுத்தம், சுவிட்ச், கூலன்ட் எல்லாம் சேர்த்து 14 ஆயிரம். அதில் சுவிட்சின் விலை சில நூறு ரூபாய்தான்.

அப்போது இரண்டு வழி இருந்தது: அப்படியே இருபதாயிரத்துக்குத் தள்ளிவிட்டு வேறு பழைய வண்டி பார்ப்பது, அல்லது செய்துகொள்வது. கணவர் விற்கச் சொன்னார், வண்டி விலையில் கால்வாசி மறுபடி போகிறதே என்பது அவர் வாதம். மனைவி சம்மதிக்கவில்லை. “வேற வண்டி வாங்கினா அதோட அடியில என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. இதுல தெரியும்.” அவர் சொன்னது சரி. வண்டி சரியாகித் திரும்பிய அன்று டேஷ்போர்டு தட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தார். மாதத் தொடக்கத்தில் கூலன்ட், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், டயர் காற்று, எல்லா விளக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக், தேதி, கையெழுத்து. பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

ரெட்டிச்சாவடியில் உரசல்

அதே வருடம் ஜூலையில் கணவரின் சித்தப்பா பையன் வண்டியை வாங்கிப் போனான். ரெட்டிச்சாவடி அருகே ஒரு பைக் உரசி, பைக்காரருக்குச் சிராய்ப்பு. பேசி, மருந்துச் செலவைக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். போலீஸ் வரை போகவில்லை.

ஆனால் பாலிசி நகலைத் தேடியபோதுதான் அது மூன்று வாரம் முன்பே முடிந்துவிட்டது தெரிந்தது. ஆர்சி, பாலிசி இரண்டும் வாத்தியார் பெயரில். நினைவூட்டல் எஸ்எம்எஸ் அவர் எப்போதோ கைவிட்ட எண்ணுக்குப் போயிருந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பைக்காரருக்குக் கால் போயிருந்தால் வழக்கு வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். வண்டியைக் கொடுத்து இரண்டு வருடமாகியும் அவருக்கு இது ஒன்றும் தெரியாது. கார் ஓட்டுபவருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் ஆர்சியில் பெயர் இருக்கும் உரிமையாளருக்குத்தான். இந்தக் குடும்பத்தில் யாருக்கு எது நடந்திருந்தாலும் அது கிடைத்திருக்காது.

ஒரு மாதத்துக்குள் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினார்கள். மனைவியின் பெயருக்கு. அதிகம் ஓட்டுவது அவர்தானே.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. குடும்பம் அன்று கிருஷ்ணா நகரில் மனைவியின் தங்கை வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை தெருவில் நின்ற 800-க்கு சீட் மட்டத்துக்குத் தண்ணீர்.

லைன் கிடைத்ததும் போன் செய்தார்கள். சாவியைத் தொடாதீர்கள், தண்ணீர் இறங்கியதும் பேட்டரி ஒயரை மட்டும் கழற்றிவையுங்கள் என்றேன். தண்ணீர் புகுந்த என்ஜினைச் சுற்றவிட்டால், சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அடுத்த வீட்டில் புது ஆட்டோமேட்டிக் கார் ஒன்று. உரிமையாளர் பதற்றத்தில் பட்டனை அழுத்திவிட்டார். அந்தக் கார் மாதக்கணக்கில் சர்வீஸ் சென்டரில் நின்றது. தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுத்திராவிட்டால் இப்படிப்பட்ட சேதத்துக்கு இன்சூரன்சும் பெரும்பாலும் கை விரிக்கும்.

சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி டிசம்பர் 2-ல் கடலூரையும் சூழ்ந்துகொண்டது, அதனால் வண்டி ஷெட்டுக்கு வரவே நாளானது. சீட்டுகளை வெளியே எடுத்தோம். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றி என்ஜினைக் கையால் சுற்றினோம். தண்ணீர் வரவில்லை, தப்பித்தது. என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் மாற்றி, செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்து உலர்த்தி, ஒயரிங் கப்ளர்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தோம். 16 ஆயிரம் ஆனது. தேர்ட் பார்ட்டி பாலிசியில் இதற்கு ஒரு பைசா கிடையாது. இதைப் பழைய காரின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் இன்னும் ஒரு ஜாண் ஏறி எலக்ட்ரானிக் பெட்டியைத் தொட்டிருந்தால், வண்டியை எடைக்குத்தான் போட்டிருப்பார்கள்.

இப்போதைய நிலை

2025 பிப்ரவரியில் லிஃப்டில் ஏற்றி அடியை முழுதும் தட்டிப் பார்த்தோம். முதலில் போட்ட தகடு நன்றாக இருந்தது. இடது ரன்னிங் போர்டில் துரு தொடங்கியிருந்தது, வெட்டி அடைத்தோம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மாட்டியிருக்கும் இடம் கெட்டியாக இருந்தது. பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினோம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், 2008-ல் வந்த ரப்பர் அதை நினைத்துச் செய்ததல்ல.

வண்டி ஓடுகிறது. மனைவி பள்ளிக்குப் போகிறார். மகள் விடுமுறைக்கு வந்தால் சில்வர் பீச் சாலையில் அதில்தான் ஓட்டிப் பழகுகிறாள், பின் பம்பர் இப்போது இரண்டு துண்டு. அம்மாவை எந்த மாதமானாலும் உயரமான வாடகைக் காரில்தான் ஜிப்மருக்குக் கூட்டிப்போகிறார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று கணவரே சொன்னார். வாடகைக்கும் ரிப்பேருக்கும் சேர்த்து மூன்று வருடத்தில் ஆன செலவு, பழைய தவணையின் ஒரு வருடத் தொகையைத் தாண்டிவிட்டது, இரண்டு வருடத் தொகையைத் தொடவில்லை.

மாற்ற வேண்டியவை

இப்படிப்பட்ட வண்டி வந்தால் ஷெட்டில் இப்போது இரண்டு தாள் எழுதிக் கொடுக்கிறோம். ஒன்றில் தொடத் தேவையில்லாதவை: பெயின்ட், பம்பர், நசுங்கல், சீட் துணி. இன்னொன்றில் தள்ளிப்போடக் கூடாதவை: பிரேக், டயர் வயது, விசிறி, விளக்கு, ஹோஸ், அடித்தகடு. வாங்கியவர் எதிரிலேயே எழுதுகிறோம். இரண்டாவது தாளில் இருக்கும் வேலைக்கு வண்டி விலையைச் சொல்லிப் பேரம் பேசினால் அந்த வேலையை வேறு எங்காவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்சி பெயர் மாற்றம் முடிந்த நகல் வந்த பிறகுதான் பெரிய வேலையைத் தொடுகிறோம். சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. வெள்ளம் நிற்கும் நகர்களில் வண்டியை விடுபவர்களுக்கு, பழைய வண்டியானாலும் முழு இன்சூரன்ஸ் கிடைக்கிறதா, என்ன தொகைக்கு என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கச் சொல்கிறோம். பல வண்டிகளுக்குக் கணக்குக் கட்டாது, சிலவற்றுக்குக் கட்டும்.

இந்தக் குடும்பத்துக்கு அடுத்த முடிவு 2028 தொடக்கத்தில். அப்போது வண்டிக்கு 20 வயது தாண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். அதற்கு இரண்டு மாதம் முன்பு வண்டியை மறுபடி லிஃப்டில் ஏற்றுவோம். லோயர் ஆர்ம் மாட்டும் இடத்தில் துரு தொட்டிருந்தால் புதுப்பிக்காமல் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிக்கொள்வது என்று பேசிவைத்திருக்கிறோம். மனைவி அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார்.